மூத்தார் முன்னிலையில்

2003 ஜூன் 2, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். கத்திரி முடிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் அறிவித்திருந்தது. வெயிலுக்கு அந்தச் செய்தி எட்டியிருக்கவில்லை. பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் மேல்காற்று புழுதியைச் சுருட்டி எடுத்து, நின்றிருந்தவர்கள் முகத்தில் பாரபட்சமில்லாமல் வீசிக்கொண்டிருந்தது.

அரியலூர்ப் பேருந்து இன்னும் வரவில்லை. புவனேஸ்வரி கைப்பையை வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றினாள். சற்று நேரத்தில் மறுபடி வலத்தோளுக்கே கொண்டுவந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்ட கணவன் திருமுருகன், மொபெட்டை நிறுத்தாமலும் புறப்படாமலும் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி இருந்தான்.

“நீ செந்துறைக்குப் போயிருக்கேன்னு அண்ணிகிட்ட சொல்லிடறேன். அத்தைக்கு ஒடம்பு முடியலன்னு.”

“எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. நல்லா இருக்கறவங்கள ஏங்க படுக்க வைக்கிறீங்க?”

“அப்ப என்னன்னுதான் சொல்றது?”

“அரியலூருக்கு இன்டர்வியூக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க.”

திருமுருகன் காதைச் சொரிந்தான். “அண்ணன் காதுக்குப் போயிருமே, புவனா.”

“போவட்டும். என்னைக்காவது ஒருநாள் நேராப் போவட்டும்.”

பேருந்து வந்தது. அவன் மேற்கொண்டு ஏதோ சொன்னான். இன்ஜின் இரைச்சலில் அது அவளை வந்து சேரவில்லை. சேராததில் இருவருக்குமே வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சென்ற வியாழக்கிழமை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். அது சுருக்கமாகவே நடந்தது.

பெரம்பலூரில் புவனேஸ்வரி வேலை பார்த்த தைலம்மாள் நினைவு மெட்ரிகுலேஷன் பள்ளியின் தாளாளர் சாமிதுரை, திருமுருகனின் அண்ணன். ஆகவே புவனேஸ்வரிக்கு மூத்தார். அந்தக் குடும்பத்தில் தம்பி மனைவி, மூத்தார் முன்னிலையில் உட்காரமாட்டாள்; அவர் முகம் பார்த்துப் பேசவும் மாட்டாள். பள்ளிக்குப் பெயர் கொடுத்த மாமியார் தைலம்மாள் ஏற்படுத்திய முறை அது. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அதை யாரும் ரத்து செய்யவில்லை. வீட்டில் அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. வீட்டில் அறைகள் பல. பள்ளியில் தாளாளர் அறை ஒன்றுதான்.

பதினோரு ஆண்டுகளாக, ஆசிரியர் கூட்டங்களில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, புவனேஸ்வரி மட்டும் பீரோவின் பக்கத்தில் நிற்பாள். சொல்ல வேண்டியதை அருகில் இருக்கும் ஆசிரியையிடம் சொல்வாள். கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்து அதைக் கேட்ட தாளாளர், பதிலை அதே ஆசிரியையிடம் சொல்வார். புதிதாக வருகிறவர்கள் அவளை அலுவலக உதவியாளர் என்றே முதலில் எண்ணுவார்கள். ஒருமுறை மாணவனின் தந்தை ஒருவர் அவளிடம் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் மகனுக்கு இயற்கணிதத்தில் எங்கே இடறுகிறது என்று விளக்கினாள். அவர் பாதித் தண்ணீரோடு எழுந்து நின்றுவிட்டார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் துணை முதல்வர் யார் என்பதை அறிவிக்க வேண்டியிருந்தது. புவனேஸ்வரிதான் என்று ஆசிரியர்கள் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவளும் எதிர்பார்த்தாள். சாமிதுரை, துறையூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சொன்னார். காரணத்தையும் சொன்னார்.

“துணை முதல்வர்னா எம் முன்னாடி உக்காந்து பேசணும். வேணும்னா எதுத்தும் பேசணும். நம்ம வூட்டுப் பொண்ணு அப்படிப் பழகல. மரியாத தெரிஞ்ச பொண்ணு. அத நான் கெடுக்க விரும்பல.”

ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். புகழ்ச்சியாகச் சொல்லப்பட்டதால் அதற்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. வழி இருந்தாலும், மறுப்பை யாரிடம் சொல்லி அனுப்புவது?

பேரளி தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிர்ப்பட்டன. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் பேருந்து முழுவதும் கண்ணை மூடித் திறந்தது. புவனேஸ்வரி மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். உட்காருங்கள் என்பார்கள், உட்கார வேண்டும். கேள்வி கேட்பார்கள், கேட்டவரைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அரியலூர் ரயிலடி வரும்வரை அவள் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

கணித ஆசிரியை வேலைக்கு அவளை அழைத்திருந்த பெண்கள் பள்ளி ரயிலடிக்கு அடுத்த தெருவில் இருந்தது. தலைமையாசிரியை சிந்தாமணி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அறையில், மேசைக்குப் பின்னால், பள்ளிச் செயலாளர் முத்துசாமி இருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. மூத்தாரைப் போலவே பேனாவால் மேசை விளிம்பைத் தட்டினார்.

ஒத்திகை அங்கேயே கலைந்துவிட்டது.

“உக்காருங்க டீச்சர்,” என்றார் சிந்தாமணி.

புவனேஸ்வரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்காரவில்லை.

“பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வாரத்துல எத்தன பீரியட் வேணும்னு நெனைக்கிறீங்க?” என்று செயலாளர் கேட்டார்.

“எட்டு இருந்தா நல்லதுன்னு சாருகிட்ட சொல்லுங்க டீச்சர்.”

சிந்தாமணி, பக்கத்தில் இருந்த செயலாளரைப் பார்த்தார். வேறு வழி தோன்றாமல், “எட்டு வேணுமாம் சார்,” என்றார்.

“கேட்டுச்சு. ஆறு போதாதா?”

“ஆறுல பாடத்த முடிச்சிரலாம். புள்ளைங்களுக்குப் புரிய வைக்க முடியாதுன்னு சொல்லுங்க.”

முத்துசாமி பேனாவைக் கீழே வைத்தார். “டீச்சர், எனக்குக் காது நல்லாக் கேக்கும். கண்ணுலதான் புரை இருந்துச்சு. அதையும் போன மாசம் எடுத்துட்டாங்க.”

புவனேஸ்வரிக்குத் தான் செய்துகொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அதையும் சிந்தாமணியிடம்தான் நாக்கு கொண்டுபோகும்போல இருந்தது.

சிந்தாமணி அவளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “இப்ப நீங்க இருக்கற பள்ளிக்கூடத்துத் தாளாளர் உங்களுக்கு என்ன வேணும்?”

“மூத்தாருங்க.”

“அடடா. ஸ்கூல்லயும் அதே மொறையா?”

“பதினோரு வருஷமா.”

சிந்தாமணி சிரிக்கவில்லை. “எங்க சின்னம்மா மூத்தார் தலயக் கண்டா அடுக்களைக்குள்ள போயிரும். அதுக்காவது ஒதுங்க அடுக்களை இருந்துச்சு,” என்று சொல்லி எழுந்தார். “வாங்க, பத்தாம் வகுப்புக்கு இன்னிக்கே தொறந்துட்டோம். ஒரு பாடம் எடுங்க. அங்க யாரும் உங்கள உக்காரச் சொல்ல மாட்டாங்க.”

வகுப்பறை சாலையை ஒட்டி இருந்தது. லாரி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, ஓசை ஓய்ந்ததும் தொடர வேண்டியிருந்தது. புவனேஸ்வரி கரும்பலகையில் கையாலேயே ஒரு வட்டம் போட்டாள். அதைத் தொட்டுக்கொண்டு போகும் ஒரு கோடு போட்டாள். சுண்ணக்கட்டி விரல்களுக்கு இடையில் வந்ததும் தோள்கள் தாமாகவே தணிந்தன. முதல் வரிசைப் பெண்ணைக் கேட்டாள். அவள் சொன்ன தவறான விடையைப் பலகையில் எழுதினாள். அது எவ்வளவு தூரம் சரி என்று மற்றவர்களைக் கேட்டாள். வகுப்பு மெல்ல முன்னால் சாய்ந்தது.

அவள் பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ஏதோ கேட்டது.

“கேள்வி கேக்கறவங்க கையத் தூக்கிட்டு, எந்திரிச்சு நின்னு கேக்கணும்,” என்றாள், திரும்பாமலே.

பெஞ்சு கிறீச்சிட்டது. “தூக்கிட்டேன் டீச்சர்.”

திரும்பினாள். கடைசி வரிசையில், இரண்டு மாணவிகளுக்கு நடுவே, செயலாளர் முத்துசாமி வலக்கையை உயர்த்தி நின்றிருந்தார். மாணவிகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தக் கோடு வட்டத்த ஒரே ஒரு எடத்துலதான் தொடும்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?” என்று கேட்டார் அவர்.

“இன்னும் உறுதியாச் சொல்லல சார். இப்பத்தான் நிரூபிக்கப் போறோம். உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். நிரூபணத்தின் இரண்டாவது வரியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான், தான் யாரை உட்காரச் சொன்னோம் என்பது புவனேஸ்வரிக்கு விளங்கியது. எழுதுவதை அவள் நிறுத்தவில்லை.

பாடம் முடிந்து அறைக்குத் திரும்பினார்கள். தேநீர் வந்தது. டம்ளரை வாங்கும்போது கவனித்தாள்: அவள் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“ரூம் எப்படி இருக்கு?” என்று முத்துசாமி கேட்டார்.

“லாரிச் சத்தம் அதிகமா இருக்கு சார். பத்தாம் வகுப்பப் பின்கட்டுக்கு மாத்தினா நல்லது.”

“அங்க ஆறாம் வகுப்புல்ல இருக்கு.”

“ஆறாம் வகுப்பு இன்னும் தொறக்கலையே. தொறக்கறப்ப அந்தப் புள்ளைங்களுக்கு ரோட்டோர ரூம்தான் நம்ம ரூம்னு ஆயிட்டுப் போவுது.”

செயலாளர் மணியை அடித்தார். வந்த ஊழியரிடம் ஒரே வாக்கியம் சொன்னார். தேநீர் ஆறுவதற்குள் பின்கட்டிலிருந்து பெஞ்சுகள் இழுபடும் ஓசை கேட்டது. தன் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல், யார் வாயிலும் தங்காமல் நேரே போய் ஒரு காரியத்தை நகர்த்தும் என்பது புவனேஸ்வரிக்குப் புதிது. அவள் டம்ளரைக் கீழே வைக்க மறந்து அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கணக்குப் பாடத்துக்கு நீங்கதான் பொறுப்பு. ஆறுலேர்ந்து பத்து வரைக்கும்,” என்றார் முத்துசாமி. “ஆனா ஒண்ணு. நாளைக்கு டைம்டேபிள் போடறோம். காலையில நீங்க வரும்போது அங்கேருந்து வெலகி வந்திருக்கணும். குடும்பத்துப் பள்ளிக்கூடம் பாருங்க. நாலு நாள்ல சமாதானம் ஆகித் திரும்பப் போயிட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? எங்க ஊரையே எடுத்துக்கங்க. மாவட்டம்னாங்க. எழுதுன போர்டு காயறதுக்குள்ள மறுபடி பெரம்பலூரோட சேத்துட்டாங்க.”

“நான் திரும்ப மாட்டேன் சார்,” என்றாள் புவனேஸ்வரி, அவரிடமே.

அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது விலகல் கடிதத்தை எழுதினாள். இரண்டு வாக்கியங்கள், இரண்டிலும் அடித்தல் திருத்தல் இல்லை. கையொப்பம் இடுவதற்குள் பேருந்து வந்துவிட்டது. அல்லது, வந்துவிட்டதைக் காரணமாக அவள் எடுத்துக்கொண்டாள்.

பெரம்பலூரில், பள்ளியின் வேன்கள் நிற்கும் கொட்டகையில் திருமுருகன் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். வேன்களைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. வரும் வியாழக்கிழமை பள்ளி திறக்கிறது.

“கெடச்சிருச்சு,” என்றாள்.

“சந்தோஷம்.” அவன் முகத்திலும் அது ஒரு கணம் இருந்தது. அப்புறம், “அண்ணன்கிட்ட யாரு சொல்றது?” என்றான்.

“நீங்கதான்.”

“நானா? வேனெல்லாம் அவரு பேருல இருக்கு. வூடு பொதுவுல இருக்கு. எம் பொண்டாட்டி போறான்னு போயி நின்னா, நீயும் கூடவே போடாம்பாரு.”

“போனாத்தான் என்ன?”

அவன் ஏற்கெனவே கழுவிய சக்கரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினான்.

“நான் அவருகிட்ட பேசுனதே இல்லையேங்க.”

“நான் மட்டும் பேசிட்டனா? அவரு பேசுவாரு, நான் கேப்பேன்.”

வளாகத்தின் பின்புறம் வீடு. பின்வாசலில் சாமிதுரையின் மனைவி செங்கமலம் முறம் நிறையச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டாள்.

“ஏண்டி, இன்டர்வியூல பாஸா?”

புவனேஸ்வரி படியில் நின்றுவிட்டாள்.

“உம் புருசன் செந்துறைன்னான். பொய் சொல்றப்ப காதச் சொரிவான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்.”

“பாஸ்தான்க்கா.” பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். “இத மாமாகிட்ட குடுத்துருங்க.”

செங்கமலம் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். திருப்பி நீட்டினாள்.

“இத்தன காலமா நீ சொன்னத அவருகிட்டயும் அவரு சொன்னத உங்கிட்டயும் கொண்டு போயிருக்கேன். மாவு அரைக்கிறப்பக்கூட கைய உதறிட்டு ஓடியிருக்கேன். இத மட்டும் கொண்டுபோவ மாட்டேன்.”

“ஏங்க்கா?”

“கொண்டுபோனா, ஓரகத்திய வெரட்டி வுட்டவ செங்கமலம்னு ஊரு பேசும். ரெண்டு நாள் கழிச்சு அவரே பேசுவாரு.” ஒரு வெங்காயத்தின் தோலை நீக்கினாள். “அதுவுமில்லாம, என் வாயில வந்துச்சுன்னா இது என் சேதியா ஆயிரும்டி. உன்னோடதா இருக்காது.”

“அவருகிட்ட எப்படிக்கா நேராப் பேசறது?”

“நான் பேசறேனே. பேசி என்னத்தக் கண்டேன்?”

வெங்காயம் உரிக்கிறவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. புவனேஸ்வரி தேடவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு பள்ளிக் கட்டடத்தை நோக்கி நடந்தாள். பாதி வழியில் வீட்டுப் பக்கம் திரும்பினாள். பின்பு மறுபடி பள்ளிப் பக்கமே திரும்பினாள். விலகுகிறேன் என்று சொல்வதற்குக்கூட ஒரு ஆள் தேவைப்படுகிற இடத்தில் இத்தனை நாள் இருந்திருக்கிறோம் என்ற நினைப்பு, கடைசியில் அவளைத் தாளாளர் அறை வாசலில் கொண்டுபோய் விட்டது.

சாமிதுரை புதிய மாணவர் சேர்க்கைத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடி ஓசை கேட்டுத் தலை நிமிர்ந்தார். வழக்கம்போல் அவளைத் தாண்டி வராந்தாவைப் பார்த்தார்.

“யாரும்மா கூட வந்திருக்கறது? புவனேஸ்வரிக்கு என்ன வேணுமாம்?”

வராந்தாவில் ஒருவரும் இல்லை. கேள்வி அங்கே சற்று நேரம் நின்றது.

“யாரும் வரல சார். நாந்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். புவனேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்தாள். அது போட்ட ஓசை, அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. உட்கார்ந்தாள். சாமிதுரை பாதி எழுந்துவிட்டார். அறையைவிட்டுப் போகவா, யாரையாவது கூப்பிடவா என்று அவருக்கே நிச்சயமில்லை. பிறகு அவரும் உட்கார்ந்தார்.

“நான் இங்கேருந்து வெலகிக்கறேன் சார். அரியலூர்ல வேல கெடச்சிருக்கு.”

“அதுக்கு இங்க என்ன கொறையாம்?” என்று பீரோவிடம் கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்தினார். தலையைத் திருப்பி, முதல்முறையாக அவளிடம் கேட்டார். “உனக்கு இங்க என்னம்மா கொறை?”

“கொறைன்னு இல்ல. நின்னுகிட்டே இருந்துட்டேன்.”

“அது எங்கம்மா வச்ச மொறை. நான் ஒருநாளும் உன்ன நிக்கச் சொன்னதில்லையே.”

“உக்காரவும் சொன்னதில்ல.”

சாமிதுரை கெட்டவர் அல்லர். இந்தப் பதிலில் இருந்த நியாயம் அவரைச் சென்றடைவது முகத்தில் தெரிந்தது. அடைந்ததும், அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சரிசெய்ய முற்பட்டார்.

“துறையூர்க்காரரு இன்னும் வந்து சேரல. ஒரு போன் போட்டாப் போதும். நீயே துணை முதல்வரா இரு. இப்படி உக்காந்து பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உம் பேரத்தான் சொல்லியிருப்பேன்.”

புவனேஸ்வரி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பதவி, நாற்காலியை இழுத்த ஓசைக்கு விழித்துக்கொண்டு எதிரில் வந்து நிற்கிறது. சரி என்று சொன்னால் நாளை காலைப் பேருந்து இல்லை. வீட்டில் பிளவு இல்லை. திருமுருகன் நிம்மதியாகச் சக்கரம் கழுவலாம்.

அந்தப் பெயர் நினைவுக்கு வந்ததும் அவள் பார்வை மேசைமேல் விழுந்தது. சேர்க்கைத் தாள்களுக்குப் பக்கத்தில் வேன்களின் சாவிக்கொத்து கிடந்தது. குளிக்கப் போகும்போதுகூடத் திருமுருகன் இடுப்பைவிட்டு இறங்காத கொத்து. இவள் பின்வாசலில் நின்ற வேளையில் அவன் இங்கே வந்திருக்கிறான். கேட்டு வாங்கப்பட்டதா, தானே கொண்டுவந்து வைத்ததா? வைத்துவிட்டு எங்கே போனான்? சாமிதுரையின் முகத்தில் அதற்கு விடை இல்லை.

“அன்னிக்கும் இன்னிக்கும் நான் அதே டீச்சர்தான் சார்,” என்றாள். “அன்னிக்குத் தெரியாத எதையும் இன்னிக்குப் படிச்சிட்டு வந்துடல. நாற்காலியில உக்காந்திருக்கேன். அதுக்காக நீங்க குடுக்கறது எனக்கு வேண்டாம்.”

“ஊரு என்ன பேசும்னு நெனச்சுப் பாத்தியா?”

“ஊரு பேசறத யாராச்சும் எங்கிட்ட வந்து சொல்லுவாங்க. அது எனக்குப் பழக்கந்தான்.”

அவர் மேசைக்கு அப்பால் அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். “கையெழுத்துப் போடல பாரு,” என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. “அப்ப நீ இன்னும் முடிவு பண்ணல.”

புவனேஸ்வரி பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். கடிதத்தை மேசையில் விரித்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இடக்கையால் அழுத்திக்கொண்டு, பெயரை முழுவதுமாக எழுதினாள். அதன் கீழே கணித ஆசிரியை என்றும் எழுதினாள்.

“அங்கயே வச்சிட்டுப் போம்மா. அப்பறமாப் பாக்கறேன்,” என்று சாமிதுரை மேசையின் ஓரத்தைக் காட்டினார். அவருக்கு அவள் எதையும் கையில் கொடுத்ததில்லை. காப்பியைக்கூட முக்காலியில் வைத்துவிட்டு விலகுவாள், அவர் எடுத்துக்கொள்வார்.

அவள் வைக்கவில்லை, நீட்டினாள். காகிதம் காற்றில் படபடத்தது. கையை மடக்காமல் அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். தோள் வலிக்கத் தொடங்கியது.

சாமிதுரை வராந்தாவை ஒருமுறை பார்த்தார். அங்கே இப்போதும் யாரும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, வலக்கையை நீட்டி, கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.